செம்பருத்தியும் காகிதப்பூவும்: குறி ஒன்று, வைத்தியம் இரண்டு

மொரீஷியஸில் எந்தத் தெருவில் நடந்தாலும் இரண்டு செடிகள் கண்ணில் படாமல் போகாது. ஒன்று செம்பருத்தி, கிரெயோல் பேச்சில் ஃபுல்சபாத். இன்னொன்று காகிதப்பூ, பூகன்வில்லா என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் வெயில் நாட்டுச் செடிகள். இரண்டையும் குச்சி நட்டே வளர்க்கலாம். இரண்டும் புதிதாகத் துளிர்த்த கிளையில்தான் பூக்கும். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் இரண்டையும் அடுத்தடுத்து நட்டு, ஒரே குழாயில் தண்ணீர் விட்டு, ஒரே மூட்டை உரத்தைப் பிரித்துப் போடுகிறார்கள். ஒரு வருடம் ஆவதற்குள் இரண்டில் ஒன்று நோஞ்சானாகிவிடுகிறது.

செம்பருத்திக்குத் தண்ணீரும் தீனியும் தவறாமல் வேண்டும். காகிதப்பூவை ஓரளவு பட்டினி போட்டால்தான் பூக்கும். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், ஒரே குறிக்கு இரண்டு செடிகளிலும் ஏன் எதிரெதிரான வைத்தியம் செய்கிறோம் என்பது விளங்கிவிடும். கீழே குறிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் செடியில் எது தெரிகிறதோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் இடத்தையும் மாதத்தையும் பாருங்கள்

போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும்போது மெட்ரோ ஏறி, ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் தாண்டி, நடு மேட்டு நிலத்துக் கியூர்பிப்பில் இறங்கினால் குடை தேவைப்படும். மேற்குக் கரையில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிறது. நடு மேட்டு நிலத்தில் சில இடங்களில் 4000 மில்லிமீட்டர் வரை கொட்டுகிறது. மண்ணும் மாறுகிறது. மேட்டு நிலத்தில் எரிமலைப் பாறை உதிர்ந்து, மழையில் கரைந்து, புளிப்பேறிய செம்மண். கடற்கரையோரத்தில் பவளம் பொடிந்த வெள்ளை மணல், சுண்ணாம்பு மிகுந்தது. மேற்குக் கரையோர ஃபிளிக் அன் ஃபிளாக்கில் இருக்கும் மைத்துனர் சொன்ன யோசனை கியூர்பிப்பில் இருக்கும் உங்களுக்குப் பலிக்காமல் போனால், அதில் அவர் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை.

இரண்டாவது, மாதம். தமிழ்நாட்டில் அச்சாகும் தோட்டக்கலைக் குறிப்புகளை நம்மில் பலர் படிக்கிறோம். அவற்றில் உள்ள மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கோடை என்று சொல்லும் சித்திரை, வைகாசியில் இங்கே குளிர் தொடங்குகிறது. அங்கே பனி பெய்யும் தை மாதம் இங்கே கடுங்கோடை, கூடவே புயல் காலம். ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட வேண்டும். திசையும் புரண்டுவிடும். குளிர்காலத்தில் இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. எனவே வீட்டின் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்கும் சுவர். தெற்குச் சுவரை ஒட்டி நட்ட செடி ஜூன், ஜூலையில் நாள் முழுவதும் நிழலில் நிற்கும்.

குறி: இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

காகிதப்பூ வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது இதுதான். குவாத்ர் போர்னில் ஒரு அக்கா, "தம்பி, எதிர்வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத செடி சுவர் தெரியாமல் பூத்திருக்கிறது. நான் தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதாமாதம் உரம் போடுகிறேன், இதில் ஒரு பூ இல்லையே" என்றார். "அக்கா, எதிர்வீட்டுச் செடியை யாரும் கவனிக்காததால்தான் பூத்திருக்கிறது" என்றேன். அவருக்குச் சற்று வருத்தம். அன்பாக வளர்த்த செடியைப் பற்றி அப்படிக் கேட்க யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

காகிதப்பூக் கிளை ஒன்றை அருகில் இழுத்து, இலை தண்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். சில இடுக்குகளில் முள் இருக்கும், சிலவற்றில் பூக்காம்பு இருக்கும். இரண்டும் ஒரே உறுப்புதான். செடி ஊட்டமாக வளரும்போது அந்த இடுக்கில் வருவது முள்ளாகக் கூராகி நின்றுவிடும். வளர்ச்சி தணிந்து, பகல் குறுகும்போது அதே இடத்தில் வருவது கிளைத்துப் பூக்காம்பாகும். ஒரு கிளை முழுவதும் நீள முள்ளாக இருந்தால், அந்தச் செடி தண்ணீரையும் தழைச்சத்தையும் அளவுக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வேறு சோதனை தேவையில்லை.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் வெயில். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். அது இல்லாத இடத்தில் என்ன செய்தாலும் இலைதான் வரும். தொட்டியென்றால் நகர்த்துங்கள், தரையென்றால் மேலே கவிந்த கிளைகளை வெட்டுங்கள். வெயில் போதுமென்றால் அடுத்தது தண்ணீர். மண் காய்ந்து, நுனி இலைகள் லேசாகத் தளரும்வரை தண்ணீர் விடாதீர்கள். தளர்ந்ததும் ஒரு முறை நன்றாக விட்டு, மீண்டும் காயப் போடுங்கள். மூன்று நான்கு வாரம் இப்படிச் செய்தால் நுனிகளில் நிறம் தெரியத் தொடங்கும். மூன்றாவது உரம். சாணி எரு, கோழி எரு, புல்வெளிக்குப் போடும் உரம் எதுவும் இந்தக் காலத்தில் அருகே போகக் கூடாது. புல்வெளி உரம் செடிக்கென்று போடாவிட்டாலும் வேர் தேடிப் போய் எடுத்துக்கொள்ளும். புல்வெளி ஓரத்தில் நிற்கும் காகிதப்பூ பூக்காததற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

கியூர்பிப், வாக்வா பக்கம் இருப்பவர்கள், "மழையை எப்படி நிறுத்துவது?" என்று கேட்பீர்கள். நிறுத்த முடியாது. அங்கே காகிதப்பூவைத் தரையில் நடாமல் மண் தொட்டியில் வையுங்கள். தொட்டி சிறிதாக இருக்கட்டும், வேர் நெருக்கமாக இருந்தால் இந்தச் செடிக்கு நல்லது. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கரட்டு மணலோ பொடிக்கல்லோ கலந்து, வடக்குப் பார்த்த சுவரோரம், கூரை விளிம்புக்கு உள்ளே வையுங்கள். மழை மேலே விழாது, வெயில் பக்கவாட்டில் விழும். கரையோரம் போல் பூக்காவிட்டாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு சுற்றுப் பூக்கும்.

இந்தச் செடி நம் தீவோடு கொண்ட உறவு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1767-இல் பூகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதியின் உலகச் சுற்றுப் பயணத்தில், ரியோ டி ஜெனிரோ அருகே இதைச் சேகரித்தவர் தாவரவியலாளர் பிலிபேர் கொம்மர்சோன். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறியிருந்தவர் ழான் பாரே என்ற பெண். கால் புண்ணால் கொம்மர்சோன் நடக்க முடியாமல் இருந்ததால், செடியைப் பறித்தது பாரேயாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். 1768-இல் இருவரும் இந்தத் தீவில் இறங்கிவிட்டார்கள். கொம்மர்சோன் 1773-இல் இங்கேயே காலமானார். செடிக்குத் தளபதியின் பெயர் நிலைத்தது. பாரேயின் பெயரை இத்தீவில் காகிதப்பூ வளர்ப்பவர்களாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

செம்பருத்தியில் இதே குறி தெரிந்தால் யோசனை வேறு திசையில் போக வேண்டும். வெயில் குறைவா என்று பார்ப்பது இதற்கும் பொது. வெயில் சரியென்றால், செடியைப் பட்டினி போடாதீர்கள், தீனியை மாற்றுங்கள். உர மூட்டையில் அச்சிட்ட மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்து (நைட்ரஜன்), நடுவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல்சத்து (பொட்டாஷ்). செம்பருத்திக்கு மூன்றாவது எண் பெரிதாகவும் நடு எண் சிறிதாகவும் இருக்க வேண்டும். 'பூக்களுக்கு' என்று விற்கும் உரங்களில் பல மணிச்சத்து மிகுந்தவை. செம்பருத்திக்கு அவை ஆகாது, மணிச்சத்து மண்ணில் சேரச் சேர இரும்புச்சத்தை எடுக்கவிடாமல் தடுத்துவிடும். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஈர மண்ணில் போடுங்கள்.

இன்னொரு காரணம் கத்தரிக்கோல். வேலியைச் சதுரமாக வைக்க வேண்டுமென்று மாதம் ஒரு முறை மேலே வெட்டிக்கொண்டே இருந்தால், மொட்டு வரவேண்டிய நுனி ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகிறது. வெட்டிய கிளையில் மீண்டும் பூ வர இரண்டு மூன்று மாதம் ஆகும். தைப்பூசக் காவடிக்கு வீட்டுப் பூ வேண்டுமென்று நினைப்பவர்கள் செப்டம்பருக்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும். நவம்பரில் அழகுக்காக வெட்டிவிட்டு ஜனவரி முடிவில் பூ தேடினால் கிடைக்காது.

குறி: மொட்டு வைக்கிறது, விரியாமல் உதிர்கிறது

செம்பருத்தியில் உதிர்ந்த மொட்டைத் தரையிலிருந்து எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பலர் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் இதைச் செய்வதில்லை. உள்ளே அரிசிக் குறுணையைவிடச் சிறிய, வெளிறிய புழுக்கள் நெளிந்தால் அது ஒருவகைக் கொசு போன்ற ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தது. புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. மொட்டோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வரும். எனவே தினமும் உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். செடியில் மஞ்சளாகத் தொடங்கிய மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது. விடாமல் செய்து வந்தால் சில வாரங்களில் உதிர்வு குறையும்.

உள்ளே புழு இல்லையென்றால், வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஒரு மொட்டை உதறுங்கள். நூல் துணுக்குப் போல மெல்லிய பூச்சிகள் தாளில் ஊர்ந்தால் இலைப்பேன். வேப்பெண்ணெய் போதும். தாளும் சுத்தமாக இருந்தால் காரணம் தாகம். நவம்பர், டிசம்பரில் மழை தாமதமாகி, மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம் இறங்கி, குழாயில் நேரக் கணக்கில் தண்ணீர் வரும் நாட்களில் இது அதிகம். மொட்டு பெரிதாகும் சமயத்தில் ஒரு நாள் வேர் காய்ந்தாலும் செடி மொட்டைக் கைவிட்டுவிடும். அடுக்குச் செம்பருத்தி இன்னும் சீக்கிரம் கைவிடும். ஒற்றை இதழ்ச் சிவப்பு ஓரளவு தாங்கும்.

இதற்கு நம் தீவில் கையருகே இருக்கும் மருந்து கரும்புச் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை. அறுவடை முடிந்த தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும். ஒரு சாண் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் வீட்டில்கூட வேரில் ஈரம் நிற்கும். காகிதப்பூவின் அடியில் மட்டும் இதைப் பரப்பாதீர்கள்.

காகிதப்பூவில் உதிர்வதைப் பற்றிக் கவலைப்படுமுன் எது உதிர்கிறது என்று பாருங்கள். நாம் பூவென்று சொல்லும் நிறமுள்ள மூன்று ஏடுகளும் இலைகளே. ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் குழல் நிற்கும், அதுதான் பூ. வெள்ளைக் குழல் வாடிச் சுருங்கியபின் ஏடுகள் உதிர்ந்தால் அந்தச் சுற்று முடிந்தது. கிளையின் நுனியைக் கால்வாசி வெட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். வெள்ளைக் குழல் விரியும் முன்பே ஏடுகள் விழுந்தால்தான் கோளாறு. நிறம் வந்தபிறகும் பட்டினியை நீட்டிக்கொண்டே போனால் இப்படி ஆகும். நிறம் தெரிந்த நாளிலிருந்து மிதமாகத் தண்ணீர் விடத் தொடங்க வேண்டும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் விடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனவர்கள் இந்த இடத்தில்தான் பூவை இழக்கிறார்கள்.

குறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடியில் உள்ள கிழட்டு இலைகளில் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது இரண்டு செடிகளுக்கும் இயல்பு. கியூர்பிப் குளிரில் செம்பருத்தி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சற்று அதிகமாகவே இலை உதிர்க்கும். காகிதப்பூ பாதி மொட்டையாகவே நிற்கலாம். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள். அக்டோபரில் துளிர்க்கும்.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. தமாரின், ஃபிளிக் அன் ஃபிளாக், கிரான் பே போன்ற பவள மணல் ஊர்களில் செம்பருத்திக்கு இது அடிக்கடி வருகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடுவதால் வேரால் எடுக்க முடிவதில்லை. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பயன் இல்லை, அந்த இரும்பையும் சுண்ணாம்பு கட்டிப் போடும். நர்சரியில் கீலேட் செய்த இரும்பு என்று கேளுங்கள், அது வேர் எடுக்கக்கூடிய வடிவில் காத்துவைத்த இரும்பு. சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற வகையா என்று உறுதி செய்துகொண்டு, கரைத்து வேரில் ஊற்ற வேண்டும். வருடா வருடம் ஊற்ற மனமில்லாதவர்கள் மணல் மண்ணிலிருந்து செடியை மீட்டுப் பெரிய தொட்டியில், மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்து வைத்துவிடுவது நல்லது. அதே மணலில் காகிதப்பூவும் சிலசமயம் வெளிறும், ஆனால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

கிழட்டு இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பரவி, காம்பையொட்டி மட்டும் பச்சை முக்கோணம் மிஞ்சியிருந்தால் மக்னீசியம் போதவில்லை. மழை கரைத்துச் சென்ற மேட்டு நிலத்து மண்ணில் இது தெரியும். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

இலை முழுவதும் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்தி. வறண்ட வெயிலில் கரையோரத்தில் வரும். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினாலே கலைந்துவிடும்.

இவை எதுவும் இல்லாமல் செடி முழுவதும் மங்கலாக மஞ்சளித்தால், விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். செம்பருத்தியின் அடியில் மண் காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தும் மஞ்சளென்றால் தழைச்சத்து. காகிதப்பூவின் அடியில் ஈரமாக இருந்தால் வேறெதுவும் யோசிக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்துங்கள்.

குறி: மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடித் தொங்குகிறது

உச்சி வெயிலில் செம்பருத்தி தலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் நலமாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையிலும் தொங்கி நிற்கிறது, மண்ணோ சேறு என்றால் வேர் அழுகிவிட்டது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்தபின் இப்படிப் பட்டுப்போன வேலிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். வாடியிருக்கிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்த நிலையில் செய்யக்கூடாத காரியம். உரமும் கூடாது. மேல்கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நீர் வடியச் சிறு வாய்க்கால் வெட்டி, காய விடுங்கள். செம்பருத்திக்குப் பிழைக்க வாய்ப்புண்டு.

காகிதப்பூ ஈர மண்ணில் வாடினால் நம்பிக்கை குறைவு. பச்சை மிஞ்சியிருக்கும்போதே பென்சில் கனத்துக் குச்சிகளை வெட்டி மணலில் ஊன்றிவிடுங்கள். வேர் பிடிக்க நாளாகும். அவற்றில் பாதி பிழைத்தாலும் செடியின் வம்சம் மிஞ்சும்.

குறி: வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கரி படிந்த இலை

இந்தத் தொல்லை செம்பருத்திக்குத்தான் அதிகம். பஞ்சு போலத் தெரிவது மாவுப்பூச்சி. அது கழிக்கும் தேன் போன்ற நீரில் கரும்பூஞ்சணம் வளர்ந்து இலை கறுக்கிறது. கறுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பது வீண். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு அந்தத் தேனுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டும். எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி ஒழியாது. சுவரையும் பக்கத்துச் செடியையும் தொடும் கிளைகளை வெட்டி, எறும்புக்குத் தண்டு ஒன்றே வழியாக்கி, தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் பிசுக்கு தடவுங்கள்.

நுனி சுருண்டு முண்டு முண்டாகிவிட்ட கிளைகளைக் காப்பாற்ற முடியாது, வெட்டிப் பையில் கட்டுங்கள். மற்றவற்றில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பூசைக்குப் பறிக்கும் செடியில் வேறு கடும் மருந்துகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றோட்டமில்லாத மூலையில் வைத்த காகிதப்பூத் தொட்டிக்கும் மாவுப்பூச்சி வரும். தெளிப்பதைவிடத் தொட்டியை வெளியே நகர்த்துவதுதான் அதற்கு மருந்து.

குறி: இலையில் ஓட்டை

பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வண்டோ, புழுவோ, நத்தையோ கையும் களவுமாகப் பிடிபடும். கூர்ப்பா என்று இங்கே சொல்லும் பெருநத்தை இளங்கன்றுகளை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். வெறுங்கையால் தொடாமல் கையுறை போட்டுப் பொறுக்குங்கள், அது ஒட்டுண்ணி நோயைக் கடத்தும். வளர்ந்த செடியில் சில ஓட்டைகள் இருந்தால் விட்டுவிடலாம்.

குறி: தொட்டி மாற்றியதும் செடி மடிந்தது

செம்பருத்தி இதைத் தாங்கும். சுற்றிச் சுருண்ட வேரை ஓரமாக வெட்டிக்கூட மாற்றலாம். காகிதப்பூவின் வேர் நூல் போல மெலிந்தது, எளிதில் முறிவது. மண்கட்டி உடைந்தால் செடியும் போகும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியென்றால் பக்கவாட்டில் வெட்டிப் பிரித்து, மண்கட்டியை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே வையுங்கள். மண் ஓரளவு காய்ந்திருந்தால் உதிரும், சேறாக இருந்தாலும் சரியும். முந்தைய நாள் லேசாகத் தண்ணீர் விட்டிருந்தால் கட்டி நிற்கும். செப்டம்பர், அக்டோபர் ஏற்ற மாதங்கள்.

மீந்த செம்பருத்திக் குச்சிகளை எங்கே போடுகிறீர்கள் என்பதையும் இங்கே கேட்டுவிடுகிறேன். நாம் காவடி எடுத்துப் படியேறும் முருகன் கோயில் உள்ள கோர் தெ கார்த் மலையிலும், தெற்கே லெ மோர்ன் மலையிலும் மாந்திரினெட் என்ற காட்டுச் செம்பருத்தி வளர்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. மிஞ்சியிருப்பவையும் மிகச் சிலவே. வீட்டுச் செம்பருத்தியின் மகரந்தம் அதோடு கலந்து கலப்பினம் பிறப்பது அதன் அழிவுக்கு ஒரு காரணம். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் செம்பருத்திக்குப் பதிலாகக் காகிதப்பூவை நட்டால் நான் மிகவும் மகிழ்வேன். செம்பருத்தி இல்லாமல் முடியாது என்றால், வெட்டிய குச்சிகளை மலைப்பக்கம் கொட்டாதீர்கள். ஈர மண்ணில் விழுந்த குச்சி தானாகவே வேர் விட்டுவிடும்.

குறி: புயலுக்குப் பின் கருகி, சாய்ந்து நிற்கிறது

புயல் எச்சரிக்கையில் முதல் வகுப்பு அறிவித்ததுமே தொட்டிகளைச் சுவரோரம் படுக்க வைத்துவிட வேண்டும், எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறும்வரை காத்திருந்தால் வெளியே போக முடியாது. காகிதப்பூக் கொடி பந்தலிலோ சுவரிலோ ஏறியிருந்தால் நவம்பரிலேயே நீண்ட கிளைகளைக் குறைத்துக் கட்டிவையுங்கள். முள்ளோடு பறக்கும் கிளை சன்னலையும் கிழிக்கும், ஆளையும் கிழிக்கும்.

காற்று ஓய்ந்தபின் முதல் வேலை கழுவுவது. கடற்கரையிலிருந்து கணிசமான தூரம் வரை உப்புச் சாரல் வந்து படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் இலைகளையும் வேர்ப் பகுதியையும் அலசுங்கள். செம்பருத்தி உப்பைச் சரியாகத் தாங்காது, இரண்டு மூன்று நாளில் இலை விளிம்பு கருகும். காகிதப்பூ அதைவிடத் தாங்கும், எனவே தண்ணீர் குறைவாக இருந்தால் செம்பருத்தியை முதலில் கழுவுங்கள்.

சாய்ந்த செம்பருத்தியை ஈரம் இருக்கும்போதே மெதுவாக நிமிர்த்தி, இரண்டு முளை அடித்து, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். அடித்தண்டைச் சுற்றி மண்ணில் பள்ளம் விழுந்திருந்தால், காற்று ஆட்டியதில் வேர் தளர்ந்துவிட்டது. மண் நிரப்பி மிதித்து, மேல்கிளையைப் பாதியாகக் குறைக்கலாம். சாய்ந்த காகிதப்பூவை நிமிர்த்த வேண்டாம். எஞ்சிய வேரும் முறிந்துவிடும். சாய்ந்தபடியே விட்டு, ஓங்கிய கிளைகளை மட்டும் வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து புதுத் தண்டு வரும், அதை நேராகக் கட்டிக்கொள்ளலாம்.

மொட்டையாகிவிட்டதை உடனே வெட்டிச் சாய்க்க வேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம் வரை கீழே கீறிக்கொண்டே வந்து, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். செம்பருத்தி மூன்று நான்கு வாரத்தில் துளிர்த்துவிடும். காகிதப்பூவுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். அதுவரை உரம் போடாதீர்கள். முதல் இலை விரல் நீளம் வந்தபின் செம்பருத்திக்கு மட்டும் தொடங்குங்கள்.